லூமிபல்ஸ் தண்டுவட நீர்ப் பரிசோதனை: டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு எந்த அளவு பொருந்துகிறது?

ஜப்பானைச் சேர்ந்த ஃபூஜிரெபியோ நிறுவனம் தயாரிக்கும் லூமிபல்ஸ் ஜி அமைலாய்டு விகிதப் பரிசோதனைக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2022 மே மாதம் அனுமதி வழங்கியது. அல்சைமர் நோய் இருக்குமோ என்று ஐயப்படும் ஒருவருடைய மூளைத் தண்டுவட நீரில் இரண்டு புரதத் துண்டுகளை அளந்து, ஒன்றை மற்றொன்றால் வகுத்து, ஒரே எண்ணாகத் தருவது இதன் வேலை. பொதுவான முதியோரிடம் இது எவ்வாறு செயல்படுகிறது என்பதைப் பற்றி மருத்துவ இதழ்களில் ஏற்கெனவே நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் பார்க்க விரும்புவது வேறு ஒரு கூட்டத்தாருக்கு, அதாவது டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்து இன்று நடுவயதை எட்டியிருப்பவர்களுக்கு, இந்தப் பொருள் எந்த அளவு பொருந்துகிறது என்பதைத்தான். கருவியைச் செய்தவர்கள் இவர்களை மனத்தில் வைத்துச் செய்யவில்லை. ஆனாலும் டவுன் சிண்ட்ரோமில் அல்சைமர் நோய் எப்படி நகர்கிறது என்பது பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் ஒரு முக்கியமான பகுதி இதே கருவியில் அளந்து பெறப்பட்டது.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆய்வகத்தில் மேசைமீதோ தரையிலோ நிற்கும் தானியங்கிக் கருவி ஒன்று. அதற்குள் ஒவ்வொரு பரிசோதனைக்கும் தனித்தனியாக அடைக்கப்பட்ட சிறு பெட்டி ஒன்று செல்கிறது. பெட்டிக்குள் இருக்கும் காந்தத் துகள்களின்மீது அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமைலாய்டு பீட்டா புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருள் பூசப்பட்டிருக்கும். பிடிபட்ட புரதத்தின்மேல் நொதி கட்டிய இன்னொரு எதிர்ப்பொருள் வந்து ஒட்டும். அந்த நொதி வேதிப்பொருள் ஒன்றை உடைக்கும்போது வெளிப்படும் ஒளியின் அளவே புரதத்தின் அளவு. ஏறக்குறைய அரை மணி நேரத்தில் முடிவு வருகிறது. இதே குடும்பத்தின் பழைய தலைமுறைச் சோதனைகள், பெல்ஜியத்தின் கென்ட் நகரில் இருந்த இன்னோஜெனெடிக்ஸ் என்னும் நிறுவனத்திலிருந்து வந்தவை. அவற்றை ஆய்வகப் பணியாளர் கையால் செய்ய வேண்டும். ஒரே நபரின் நீர் மாதிரியை இரண்டு ஆய்வகங்களுக்கு அனுப்பினால் இரண்டு எண்கள் வருவது வாடிக்கையாக இருந்தது. அந்த நிறுவனம் பின்னர் ஃபூஜிரெபியோவின் ஐரோப்பியக் கிளையானது. கையால் செய்யும் பல படிகளைக் கருவிக்குள் தள்ளியதே லூமிபல்ஸின் முதன்மையான முன்னேற்றம் என்று நான் கருதுகிறேன்.

அளக்கப்படும் இரண்டு துண்டுகளும் ஒரே தாய்ப் புரதத்திலிருந்து வெட்டப்படுபவை. 42 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டு எளிதில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மூளையில் படிவாகத் தங்கும். 40 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டுக்கு அந்தக் குணம் குறைவு. மூளையில் படிவு சேரத் தொடங்கினால் 42 துண்டு அங்கேயே சிக்கிக்கொள்வதால், தண்டுவட நீரில் அதன் அளவு இறங்கும். மூளையில் கூடக்கூட நீரில் குறையும் என்னும் இந்தத் தலைகீழ் உறவைப் புரிந்துகொண்டால்தான் அறிக்கையில் வரும் எண்ணைச் சரியாக வாசிக்க முடியும். விகிதம் 0.073 அல்லது அதற்கு மேல் இருந்தால் படிவு இல்லை என்றும், 0.058 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் படிவு உண்டு என்றும், இடைப்பட்டதை இருக்கக்கூடும் என்றும் அமெரிக்க அனுமதியின்படி கொள்கிறார்கள். அனுமதிக்காகக் காட்டப்பட்ட ஆய்வில் 292 மாதிரிகள் இருந்தன. பரிசோதனை படிவு உண்டு என்று சொன்னவர்களில் 97 விழுக்காட்டினருக்கு, படிவைப் படமாகக் காட்டும் பெட் ஸ்கேனிலும் அது தெரிந்தது. இல்லை என்று சொன்னவர்களில் 84 விழுக்காட்டினருக்கு ஸ்கேனிலும் இல்லை. ஆளை ஒரு முறை முதுகில் குத்தி எடுக்கும் சில மில்லிலிட்டர் நீருக்கு இது மதிக்கத்தக்க தேர்ச்சிதான்.

டவுன் சிண்ட்ரோம் எங்கே வந்து சேர்கிறது என்றால், அந்தத் தாய்ப் புரதத்தைச் செய்யும் மரபணு 21 ஆவது குரோமோசோமில் இருக்கிறது என்ற இடத்தில். நம்மில் பெரும்பாலோரிடம் அந்தக் குரோமோசோம் இரண்டு படிகள் (நகல்கள்). டவுன் சிண்ட்ரோமில் மூன்று. எனவே பிறவி முதலே அமைலாய்டு உற்பத்தி கூடுதல். அல்சைமர் ஆராய்ச்சிக்கே இந்தத் தொடர்பு வழிகாட்டியது என்பது பலருக்குத் தெரியாது. 1984 இல் ஜார்ஜ் க்ளென்னரும் கெய்ன் வாங்கும் அல்சைமர் நோயாளிகளின் மூளை உறை இரத்தக் குழாய்களிலிருந்து அமைலாய்டு பீட்டாவைப் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் மூளையிலும் அதே புரதம்தான் என்று காட்டினார்கள். அப்படியானால் மரபணு 21 ஆவது குரோமோசோமில்தான் இருக்க வேண்டும் என்ற ஊகம் அப்போதே எழுந்தது. 1987 இல் அது மெய்யானது. மூன்றாம் படியில் அந்த ஒரு மரபணு மட்டும் விடுபட்டுப்போன மிக அரிய சிலர் எழுபது வயதைத் தாண்டியும் அல்சைமர் இல்லாமல் வாழ்ந்ததாகப் பதிவுகள் உள்ளன. மறுபுறம், டவுன் சிண்ட்ரோம் இல்லாமல் அந்த மரபணு மட்டும் இரட்டித்த குடும்பங்களில் இளவயதிலேயே அல்சைமர் வருகிறது என்று 2006 இல் பிரான்ஸில் கண்டறிந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், குற்றவாளி யார் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

இந்தப் பின்னணியில் பரிசோதனையின் விகித முறைக்கு ஒரு நல்ல மதிப்பெண் தர வேண்டும். 42 துண்டை மட்டும் தனியாக அளக்கும் பழைய முறை, டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களிடம் தடுமாறும். உற்பத்தியே கூடுதலாக இருக்கும் ஒருவரிடம், படிவில் ஒரு பகுதி சிக்கிய பிறகும் நீரில் மிஞ்சுவது சாதாரண அளவாகத் தோன்றக்கூடும். ஒரு கணக்காகவே பார்க்கலாம். ஒருவரிடம் 42 துண்டு மில்லிலிட்டருக்கு 500 பைக்கோகிராமும் 40 துண்டு 10,000 பைக்கோகிராமும் இருக்கின்றன. இன்னொருவரிடம் 800 உம் 16,000 உம். தனி எண்ணைப் பார்த்தால் இரண்டாமவர் நலமாக இருப்பதுபோல் தெரியும். விகிதமோ இருவருக்கும் 0.05 தான். ஆளுக்கு ஆள் மாறும் உற்பத்தி அளவை விகிதம் பெரும்பாலும் கழித்துவிடுகிறது. இதைச் செய்தவர்கள் டவுன் சிண்ட்ரோமை எண்ணிச் செய்யவில்லை என்றாலும், பலன் இவர்களுக்கே அதிகம்.

பார்சிலோனாவில் உள்ள சான்ட் பாவ் மருத்துவமனையும் கத்தலான் டவுன் சிண்ட்ரோம் அறக்கட்டளையும் சேர்ந்து நடத்தும் மருத்துவ ஆய்வுதான் இந்தத் துறையில் பேரளவிலானது. தண்டுவட நீரை லூமிபல்ஸில் அளந்தவர்கள் அவர்கள். பொதுவான நோயாளிகளின் பெட் ஸ்கேனோடு ஒப்பிட்டுத் தங்களுக்கென 0.062 என்ற எல்லையையும் 2019 இல் வகுத்துக்கொண்டவர்கள். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் குழுவுடன் சேர்ந்து 2020 இல் லான்செட் இதழில் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் டவுன் சிண்ட்ரோம் உள்ள 388 பேரும் அது இல்லாத 242 பேரும் இருந்தார்கள். அமைலாய்டு விகிதம் இருபதுகளிலேயே மாறத் தொடங்குகிறது. நரம்பணு சேதமடைவதைக் காட்டும் நரம்பு இழைப் புரதம் இரத்தத்தில் உயர்வதும் அதே பத்தாண்டில்தான். முப்பதுகளில் பெட் ஸ்கேனில் படிவு தெரிகிறது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் தண்டுவட நீரில், நரம்பணுக்களுக்குள் முடிச்சாகத் திரளும் டாவ் புரதத்தின் பாஸ்பரஸ் ஏறிய வடிவம் உயர்கிறது. நாற்பதுகளில்தான் நினைவுக்குரிய மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸ் சுருங்குவதும் நினைவாற்றலும் பிற அறிவாற்றல்களும் இறங்குவதும். டிமென்ஷியாவுக்கு முந்தைய முன்னறிகுறிக் கட்டத்தைக் கண்டறிந்த நடுநிலை வயது 50.2, டிமென்ஷியாவைக் கண்டறிந்த நடுநிலை வயது 53.7.

இந்தக் கடைசி எண்ணை வைத்துக்கொண்டு பரிசோதனையின் அனுமதி வாசகத்துக்குத் திரும்ப வேண்டும். 55 வயதோ அதற்கு மேலோ ஆன, அறிவாற்றல் குறைபாட்டுடன் வரும் பெரியவர்களுக்கு என்று அதில் எழுதியிருக்கிறது. அதாவது, அந்த ஆய்வில் டிமென்ஷியா கண்டறியப்பட்ட டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது உறுதியான பிறகுதான் இந்தப் பரிசோதனைக்கான வயது வருகிறது. இதில் சதி எதுவும் இல்லை. அனுமதிக்குக் காட்டிய 292 மாதிரிகள் வட அமெரிக்காவின் அல்சைமர் மூளைப்பட ஆய்வுத் திட்டத்தின் சேமிப்பிலிருந்து வந்தவை. அந்தத் திட்டம் 55 முதல் 90 வயது வரை உள்ளவர்களைச் சேர்த்துக்கொண்டது. எனவே வாசகமும் 55 இல் தொடங்குகிறது. ஆனால் பயன்படுத்துபவரின் பக்கத்திலிருந்து பார்த்தால், யாருக்கு நோய் மிக உறுதியாக வருமோ அவர்களையே வெளியே நிறுத்தும் வாசகம் இது. அலோய்ஸ் அல்சைமர் 1901 இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் முதன்முதலில் பார்த்த அகஸ்டே டெட்டர் என்னும் பெண்மணிக்கு அப்போது வயது 51. நோய்க்குப் பெயர் வரக் காரணமான அந்த நோயாளியே இந்த வரம்புக்குள் வந்திருக்க மாட்டார்.

மருத்துவர் தம் பொறுப்பில் வரம்பைத் தாண்டிப் பரிசோதனை கேட்கலாம். ஐரோப்பிய நினைவாற்றல் மருத்துவமனைகளில் இளவயது நோயாளிகளுக்குத் தண்டுவட நீர்ச் சோதனை செய்வது புதிதல்ல. ஆகவே வயது வரம்பை நான் பெரிய குறையாகக் கொள்ளவில்லை. என் உண்மையான தயக்கம் வேறு இடத்தில் இருக்கிறது. 70 வயதான, டவுன் சிண்ட்ரோம் இல்லாத ஒருவர் மறதியோடு வரும்போது, மருத்துவர் கேட்கும் கேள்வி இது அல்சைமர்தானா, வேறு ஏதாவதா என்பது. விகிதம் அந்தக் கேள்விக்கு நேரான விடை தருகிறது. டவுன் சிண்ட்ரோமில் 40 வயதுக்குள் ஏறக்குறைய எல்லோருடைய மூளையிலும் அமைலாய்டு படிவும் டாவ் முடிச்சுகளும் இருக்கும் என்பது மூளைக்கூறு ஆய்வுகளில் பல பத்தாண்டுகளுக்கு முன்பே தெரிந்துவிட்டது. எனவே 48 வயதான, டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒருவரின் நீரை எடுத்து விகிதம் 0.045 என்று அறிக்கை கொடுத்தால், அது நமக்கு முன்பே தெரிந்ததையே சொல்கிறது. அவருடைய அக்காவோ தாயோ அறிய வந்தது அதுவல்ல. அண்மையில் அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டதும், பழகிய பேருந்துத் தடத்தைத் தவறவிடுவதும் நோயின் தொடக்கமா, இன்னும் சில ஆண்டுகள் பொறுக்கலாமா, வேறு காரணம் உண்டா என்பதே அவர்கள் கேள்வி. படிவு இருக்கிறதா என்பதை விட்டு, நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதற்கு நகர்ந்துவிட்ட கேள்வி அது. அனுமதி பெற்ற விகிதம் மட்டும் அதற்கு விடை சொல்வதில்லை.

அதே கருவியில் பாஸ்பரஸ் ஏறிய டாவையும் மொத்த டாவையும் அளக்கும் பெட்டிகளும் கிடைக்கின்றன. டவுன் சிண்ட்ரோமைப் பொறுத்தவரை விகிதத்தைவிட அவற்றையே நான் கூடுதலாக மதிப்பேன். அமைலாய்டு விகிதம் இருபதுகளிலிருந்து இறங்கி, பிறகு ஒரு தளத்தில் நின்றுவிடும். டாவ் அளவோ அறிகுறி நெருங்கும் ஆண்டுகளிலும் ஏறிக்கொண்டிருக்கும். இந்த ஏற்றத்தைச் செத்த நரம்பணுக்களிலிருந்து சிந்திய கழிவு என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. அமைலாய்டு படிவுக்கு எதிர்வினையாக உயிருள்ள நரம்பணுக்களே பாஸ்பரஸ் ஏறிய டாவை வெளியே அனுப்புகின்றன என்பது இப்போது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்து. பக்கவாதம் வந்தவரிடம் மொத்த டாவ் பலமடங்கு ஏறும். பாஸ்பரஸ் ஏறிய டாவ் அப்படி ஏறுவதில்லை. ஆகவே இரண்டையும் பிரித்து அளப்பது வீண் செலவு அல்ல.

இங்கே மூளையையும் நீரையும் ஒப்பிட்ட ஆய்வுகளைக் கொண்டுவராமல் இந்த மதிப்புரை நிறைவடையாது. ஏனெனில் டவுன் சிண்ட்ரோமில் வரும் அல்சைமரும் மற்றவர்களுக்கு வரும் அல்சைமரும் ஒரே நோய்தானா என்பதைப் பொறுத்துத்தான், ஒரு கூட்டத்தாரிடம் வகுத்த எல்லையை இன்னொரு கூட்டத்தாரிடம் பயன்படுத்தலாமா என்பதே முடிவாகும். நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்று அண்மையில் வெளியான ஆய்வு ஒன்றில், இறந்த பிறகு சேமித்து வைத்த மூளைத் திசுக்களில் அமைலாய்டு படிவுகளை மட்டும் லேசர் கொண்டு வெட்டி எடுத்து, அவற்றில் உள்ள புரதங்களையெல்லாம் நிறை அளவியால் (மூலக்கூறுகளை எடையால் இனம்காணும் கருவியால்) எண்ணினார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள், இளவயதில் அல்சைமர் வந்தவர்கள், முதுமையில் வந்தவர்கள், நோயற்றவர்கள் என நான்கு குழுக்கள். குழுவுக்கு 20 பேர். பக்கத்துத் திசுவோடு ஒப்பிடும்போது படிவில் அளவு மாறியிருந்த புரதங்கள் டவுன் சிண்ட்ரோமில் 132, இளவயது நோயில் 192, முதுமை நோயில் 128. அவற்றில் 43 மூன்று குழுக்களுக்கும் பொது.

43 என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் தேர்வுக்கான வரம்பை ஒரு குழுவில் தாண்டி இன்னொரு குழுவில் மயிரிழையில் தவறவிட்ட புரதங்கள் பல இருக்கும். ஆகவே பட்டியல்கள் எத்தனை பெயர்களில் ஒன்றுபடுகின்றன என்பதைவிட, அளவுகள் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்பதைப் பார்ப்பதே நியாயம். அப்படிப் பார்த்தபோது டவுன் சிண்ட்ரோம் படிவும் மற்ற இரண்டு வகைப் படிவும் நெருக்கமாகவே ஒத்துப்போயின. வேறுபாடும் இருந்தது. டவுன் சிண்ட்ரோமில் செல்லின் குப்பையை அகற்றும் லைசோசோம் சார்ந்த போக்குவரத்துப் புரதங்கள் முன்னே நின்றன. இளவயது அல்சைமரில் நோய் எதிர்ப்பைச் சார்ந்தவை. அடிப்படை நோய் ஒன்றே, அதன் நிறச்சாயலில் மாற்றம் உண்டு என்று இதை நான் வாசிக்கிறேன். லூமிபல்ஸ் அளக்கும் அமைலாய்டும் டாவும் இந்த ஒன்றுபட்ட அடிப்படையைச் சேர்ந்தவை என்பதால், அந்த அளவில் பரிசோதனையின் முடிவை டவுன் சிண்ட்ரோமிலும் நம்பலாம்.

தண்டுவட நீரில் நடந்த ஒப்பீடு இன்னும் சிக்கலானது. பார்சிலோனாக் குழுவில் டவுன் சிண்ட்ரோம் உள்ள 229 பேரின் நீரில் இருக்கும் புரதங்களை விரிவாக அளந்து, மரபுவழி அல்சைமரோடும் முதுமை அல்சைமரோடும் ஒப்பிட்ட ஆய்வு 2025 இல் வெளியானது. இத்தகைய ஆய்வில் இடறிவிடக்கூடிய ஓர் இடம் உண்டு. பரிசோதனை வாங்குபவரும் அதை அறிந்திருக்க வேண்டும். 21 ஆவது குரோமோசோமில் அமைலாய்டின் தாய்ப் புரதத்துக்கான மரபணு மட்டுமா இருக்கிறது? நரம்பைத் தாங்கும் செல்கள் சுரக்கும் எஸ்100பி, டாவின்மீது பாஸ்பரஸ் ஏற்றும் நொதிகளில் ஒன்றான டிர்க்1ஏ, ஆக்சிஜன் நச்சை முறிக்கும் நொதியான சோட்1, செல்களைச் சுற்றிய சட்டகத்தைக் கட்டும் சில கொலாஜன்கள் எல்லாவற்றின் மரபணுக்களும் அங்கேதான் இருக்கின்றன. இவற்றில் ஒன்று நீரில் கூடுதலாகத் தெரிந்தால், அது நோயின் அடையாளமா, மூன்றாம் படியின் விளைவா என்று உடனே சொல்ல முடியாது. எஸ்100 புரதம் டவுன் சிண்ட்ரோம் மூளையிலும் அல்சைமர் மூளையிலும் உயர்ந்திருப்பதை 1989 இலேயே காட்டினார்கள். ஒரே உயர்வுதான், ஆனால் டவுன் சிண்ட்ரோமில் அதற்கு மரபணு எண்ணிக்கையும் ஒரு காரணம், மற்றவர்களிடம் மூளை அழற்சியே காரணம். இதைப் பிரித்தறிய, டவுன் சிண்ட்ரோம் உள்ள நோயாளியை, டவுன் சிண்ட்ரோம் இருந்தும் இன்னும் அறிகுறி தோன்றாத இளையவரோடு ஒப்பிட வேண்டும். பொதுவான நலமுள்ளவரோடு மட்டும் ஒப்பிட்டால் போதாது. இவ்விரு ஒப்பீட்டையும் செய்யாத எந்தப் புதிய புரதக் குறியீட்டையும் நான் நம்பத் தயங்குவேன், விளம்பரம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும்.

மூளைத் திசுவில் ஒரு புரதம் கூடுகிறது என்று கண்டவுடன் அதை நீரிலும் தேடலாம் என்று எண்ணுவதும் தவறாகப் போகலாம். படிவோடு ஒட்டிக்கொள்ளும் புரதம் அங்கேயே தங்கிவிடும். நீருக்கு வருவது, செல் வெளியே சுரப்பதும் சேதத்தால் கசிவதும்தான். மூளையை நாம் பார்ப்பது ஆள் இறந்த பிறகு, நோய் முற்றிய நிலையில். மேலே சொன்ன படிவு ஆய்வில் டவுன் சிண்ட்ரோம் குழுவின் சராசரி வயதே ஏறக்குறைய 60. நீரையோ 25 வயதிலும் எடுக்கலாம், 45 வயதில் மீண்டும் எடுக்கலாம். ஆகவே ஒன்று முடிவைக் காட்டுகிறது, மற்றது பாதையைக் காட்டுகிறது. இரண்டும் ஒரே பட்டியலைத் தரவில்லை என்பதற்காக எதையும் பழுதென்று தள்ளத் தேவையில்லை.

இனி நடைமுறை. பரிசோதனையின் துல்லியம் கருவிக்குள் நுழையும் முன்பே பாதி தீர்மானமாகிவிடுகிறது. 42 துண்டுக்கு ஒட்டும் குணம் என்றேன் அல்லவா, அது மூளையில் மட்டுமல்ல, குழாயின் சுவரிலும் ஒட்டும். கண்ணாடிக் குழாயிலோ பாலிஸ்டைரீன் குழாயிலோ நீரைப் பிடித்தால் 42 துண்டு சுவரில் தங்கி, நோயற்றவருக்கும் நோய் இருப்பதாக எண் காட்டக்கூடும். புரதம் குறைவாக ஒட்டும் பாலிப்ரொப்பிலீன் குழாயில் நேரடியாகச் சொட்டவிட்டு, வேறு குழாய்களுக்கு மாற்றி மாற்றி ஊற்றாமல் அனுப்ப வேண்டும். கருவி எவ்வளவு நவீனமானாலும் வார்டில் கையில் அகப்பட்ட குழாயை எடுத்தால் எல்லாம் வீண். விகிதம் இந்தத் தவறையும் ஓரளவு தாங்கும், முழுவதும் தாங்காது.

முதுகில் குத்துவது டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு எப்படி இருக்கும் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. பெரியவர் ஒருவரின் தண்டுவட நீர் மொத்தம் ஏறக்குறைய 150 மில்லிலிட்டர். ஒரு நாளில் உடல் ஏறத்தாழ 500 மில்லிலிட்டர் புதிதாகச் சுரந்துகொள்கிறது. எனவே 10 மில்லிலிட்டர் எடுப்பதால் பற்றாக்குறை ஏற்படாது. பார்சிலோனாவில் ஏராளமான தன்னார்வலர்களிடம் இதைச் செய்து, தகுந்த முன்னேற்பாட்டுடன் செய்தால் இயலும் என்று காட்டியிருக்கிறார்கள். ஆனால் இவர்களில் சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளின் மூட்டு தளர்வாக இருக்கும். பக்கவாட்டில் படுக்கவைத்துத் தலையை வளைக்கும்போது கவனம் தேவை. ஏறக்குறைய பாதிப் பேர் பிறவி இதயக் குறையுடன் பிறந்தவர்கள் என்பதால் மயக்க மருந்து கொடுப்பதும் எளிய முடிவு அல்ல. பின்னர் வரும் தலைவலியைச் சொற்களில் சொல்ல இயலாத ஒருவர், சாப்பிட மறுப்பதன் வழியாகவோ படுத்தே கிடப்பதன் வழியாகவோதான் அதைத் தெரிவிப்பார். இவற்றையெல்லாம் விளக்கி, அவரிடமும் அவருக்குப் புரியும் சொற்களில் ஒப்புதல் கேட்டு, குத்த மறுத்தால் விட்டுவிடும் பொறுமையுள்ள மருத்துவமனையில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சந்தையில் உள்ள மாற்றுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரோஷ் நிறுவனத்தின் எலெக்சிஸ் சோதனைக்கு 2022 டிசம்பரில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. அதுவும் தண்டுவட நீரில்தான், அதுவும் 55 வயதிலிருந்துதான். பாஸ்பரஸ் ஏறிய டாவை 42 துண்டால் வகுப்பதால், நோயின் நகர்வைப் பற்றிய செய்தி ஒரே எண்ணுக்குள் வந்துவிடுகிறது. பெட் ஸ்கேன் படிவு எங்கே இருக்கிறது என்று படமாகக் காட்டும். ஆனால் கதிரியக்க மருந்தும், அசையாமல் படுத்திருக்கும் நேரமும் தேவை. லூமிபல்ஸ் குடும்பத்திலேயே இரத்தச் சோதனைக்கு 2025 மே மாதம் அமெரிக்க அனுமதி வந்திருக்கிறது. டாவின் 217 ஆம் இடத்தில் பாஸ்பரஸ் ஏறியதை 42 துண்டால் வகுக்கும் அந்தச் சோதனைக்குக் கையில் ஊசி போட்டால் போதும் என்பது டவுன் சிண்ட்ரோம் குடும்பங்களுக்குப் பெரிய ஆறுதல். அதில் ஓர் எச்சரிக்கை மட்டும். டவுன் சிண்ட்ரோமில் இரத்தத்தின் 42 துண்டு மரபணு எண்ணிக்கையாலேயே உயர்ந்திருக்கும். வகுக்கும் எண் உயர்ந்தால் விகிதம் தாழும். பொது மக்களிடம் வகுத்த எல்லையை அப்படியே இவர்களிடம் போடுவதற்கு முன் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களிடம் தனியாகச் சரிபார்த்த எல்லையைக் கேட்க வேண்டும். 217 டாவை மட்டும் தனியாகப் பார்க்கும் ஆய்வுகள் டவுன் சிண்ட்ரோமில் நல்ல முடிவுகளைத் தந்திருக்கின்றன.

பரிசோதனையில் படிவு உண்டு என்று வந்த பிறகு என்ன செய்வது என்பதும் ஒரு பொருளின் மதிப்பைச் சேர்ந்ததே. பொதுவான நோயாளிக்கு லெகானெமாப், டோனானெமாப் ஆகிய அமைலாய்டு அகற்றும் மருந்துகளுக்கு அமெரிக்காவில் முறையே 2023 இலும் 2024 இலும் முழு அனுமதி கிடைத்தது. லூமிபல்ஸ் போன்ற பரிசோதனைகளின் விற்பனைக்கு உந்துதலே அவைதான். அந்த மருந்துகளின் பெரிய ஆய்வுகளில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் இடம்பெறவில்லை. இவர்களுடைய மூளை இரத்தக் குழாய்ச் சுவர்களில் அமைலாய்டு கூடுதலாகப் படிந்திருப்பதால், அந்த மருந்துகளின் அஞ்சத்தக்க பக்க விளைவான மூளை வீக்கமும் சிறு இரத்தக் கசிவும் இவர்களிடம் எப்படி இருக்கும் என்பதைத் தனியாக ஆராய்ந்தே சொல்ல வேண்டும். ஆகவே இன்றைக்கு ஒரு டவுன் சிண்ட்ரோம் குடும்பம் இந்தப் பரிசோதனையைச் செய்தால் கையில் கிடைப்பது, திட்டமிட உதவும் தகவலே. மருந்துச் சீட்டு அல்ல. அந்தத் தகவலுக்கும் மதிப்பு உண்டு. பகல்நேரப் பணியிடத்தில் வேலையைக் குறைப்பது, வீட்டை மாற்றாமல் இருப்பது, முதிய பெற்றோருக்குப் பிறகு யார் பார்த்துக்கொள்வது என்பதையெல்லாம் இரண்டு ஆண்டு முன்னதாகவே பேசத் தொடங்கலாம்.

மதிப்பீட்டுக்கு வருகிறேன். ஆராய்ச்சிக்கு இந்தக் கருவி மிகச் சிறந்தது. இருபதுகளில் தொடங்கும் மாற்றத்தைப் பிடிக்கும் நுண்மை இதற்கு உண்டு. நினைவாற்றல் மருத்துவமனையின் அன்றாட வேலைக்கும் பொதுவான நோயாளிகளிடம் தயங்காமல் பரிந்துரைப்பேன். டவுன் சிண்ட்ரோம் உள்ள நடுவயதினருக்கு, அமைலாய்டு விகிதம் மட்டும் என்றால் ஐந்துக்கு இரண்டு. பாஸ்பரஸ் ஏறிய டாவும் சேர்ந்து, டவுன் சிண்ட்ரோமில் வகுத்த எல்லைகளோடு அறிக்கை வந்தால் நான்கு. அறிக்கை தரும் ஆய்வகத்திடம் இரண்டு கேள்விகள் கேட்கலாம்: நீர் எந்த வகைக் குழாயில் வந்தது, எல்லை யாரை அளந்து வகுக்கப்பட்டது. இரண்டுக்கும் தெளிவான விடை இல்லையென்றால் அந்தப் பணத்தைச் செலவிடாமல் இருப்பது மேல்.

அதற்கும் முன்னால், குத்தாமலே செய்யக்கூடிய சோதனைகள் சில உண்டு. டவுன் சிண்ட்ரோமில் தைராய்டு குறைபாடு, தூக்கத்தில் மூச்சுத் தடை, காது கேளாமை, கண்புரை, மனச்சோர்வு எல்லாமே அடிக்கடி வருபவை. ஒவ்வொன்றும் டிமென்ஷியாவைப்போல் தோற்றம் காட்டும், ஒவ்வொன்றுக்கும் மருத்துவம் உண்டு. நாற்பதுகளிலோ ஐம்பதுகளிலோ முதன்முறையாக வலிப்பு வந்தால் மட்டும் நிலைமை வேறு. அப்போது தைராய்டு அறிக்கைக்காகக் காத்திராமல் நரம்பியல் மருத்துவரை உடனே பார்க்க வேண்டும். மற்ற நேரங்களில், முப்பத்தைந்து வயதில் அவர் எப்படிப் பேசினார், தானாக எதையெல்லாம் செய்தார் என்பதைக் குடும்பத்தார் எழுதி வைத்திருந்தால், கேம்பிரிட்ஜில் டவுன் சிண்ட்ரோமுக்கென உருவான கேம்டெக்ஸ் நேர்காணல் போன்ற மதிப்பீடுகளுக்கு அந்தக் குறிப்பே முதல் சான்று; அது இல்லாத இடத்தில் டாவ் எண் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் மருத்துவரால் அதை எதனோடும் பொருத்திப் பார்க்க முடிவதில்லை.